கணுக்காலில் ஒரு குழி

வேர்க்கடலைக் களத்தில் வெயில் கண்ணைக் குத்துகிறது. எதிரே கோட்டைப் பாறை அனலைத் துப்புகிறது. புளூ காய்ச்சல் விட்டுப் பத்து நாளாகியும் மீனம்பாள் அக்காவுக்கு மூச்சு வாங்குகிறது. "காய்ச்சல் இருதயத்துல எறங்கிடிச்சாம். பாரம் தூக்காதேன்னு டாக்டர் சொன்னாருங்க" என்கிறாள். மேஸ்திரி தனசேகரன் சிரிக்கிறான். "தலைக்குத் தண்ணி ஊத்திக்கினியே, அப்புறம் இன்னா காய்ச்சல்? குந்திக்கினு களத்து மல்லாட்டையைத் தின்னு கால் எப்படிக் கொழுத்திருக்குது! தூக்குடி, இல்லாட்டி நாளைக்கு வராதே." களத்தில் எல்லோரும் தலையைக் குனிந்து கடலை ஆய்கிறார்கள், நானும்தான். "கொழுப்பில்லீங்க, வீக்கம்" என்று அக்கா குனிந்து கணுக்காலைக் கட்டைவிரலால் அழுத்துகிறாள். பிசைந்த மாவில் விழுவதுபோல் குழி விழுகிறது. அவன் காறித் துப்புகிறான். மூட்டை அவள் தலையில் ஏறுகிறது. அவள் நடக்கிறாள். காலில் அந்தக் குழி இன்னும் மூடவில்லை.