எர்த் ஒயர்

போத்தனூரில் கலீல் ரஹ்மானின் ஆட்டோ எலக்ட்ரிக் கடை வாசலில், சித்திரை வெயிலில், அந்த வெள்ளை அம்பாசிடர் பானெட்டைத் திறந்துகொண்டு நிற்கிறது. மில் வேனுக்குப் பல்பு வாங்க வந்த நாச்சிமுத்துவுக்கு அதன் நம்பர் மனப்பாடம். பதினோரு வருஷம் அவன் ஓட்டிய வண்டி. "ராத்திரி லைட்டை அணைக்காம உட்டுப்போட்டீங்க, பேட்டரி செத்துப்போச்சு. நாளையிலருந்து வரவேண்டாமுங்க" என்று போன தை மாதம், மரியாதை கொஞ்சமும் குறையாமல்தான் முதலாளி கந்தப்பன் அவனை அனுப்பினார். அணைத்துவிட்டுத்தான் போனேன் என்று அவன் சொன்னது எடுபடவில்லை. இப்போது கந்தப்பன் சாவியைத் திருப்புகிறார். 'டிக்' என்று ஒரு சத்தம்; ஹெட்லைட் மங்குகிறது. மூன்றாம் தடவை திருப்பும்போது கலீல் பேட்டரியிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் ஒயரைத் தொட்டுவிட்டுக் கையை உதறுகிறார். "கொதிக்குதுங்க." மேலே பளபளவென்றிருக்கும் கறுப்பு உறையைக் கத்தியால் கீறுகிறார். உள்ளேயிருந்து பச்சைப் பொடி கொட்டுகிறது. நாலைந்து செம்பு இழைதான் மிச்சம். "வருசக்கணக்கா அரிச்சிருக்குதுங்க." "அப்ப தை மாசம் வண்டி கெளம்பாம நின்னதும் இதனாலதானுங்களா?" என்கிறார் கந்தப்பன், சீட்டிலிருந்தே. "பின்ன? இதேதானுங்க." நாச்சிமுத்து பல்பு அட்டையைக் கையில் நசுக்கியபடி, அடுத்த வார்த்தைக்காக நிற்கிறான். புது ஒயர் மாட்டியதும் முதல் திருப்பலிலேயே இன்ஜின் உறுமுகிறது. இறங்கி வந்த கந்தப்பன் அவனைக் கண்டு முகம் மலர்கிறார். "ஏனுங்க நாச்சிமுத்து, கேட்டீங்களா? பாவமுங்க, பேட்டரி மேல ஒரு குத்தமும் இல்லீங்க."