றோஸ்மலரின் ஆறாவது டெஸ்ட்

"அஞ்சாந்தரமும் பெயிலோ?"

என்ர மனுசி றோஸ்மலர் தலை குனிஞ்சாள். எனக்கு வந்த கோபத்தைக் கேக்காதேங்கோ. வீடு வீடாப் போய் வருத்தக்காரரைப் பாக்கிற வேலை அவளுக்காகக் காத்துக்கொண்டு நிக்குது. தொண்ணூற்றிமூண்டாம் ஆண்டு பிறக்கமுன்னம் கார் லைசென்ஸ் எடுக்காட்டி, வேலை வேற ஆளுக்கு.

"இந்தமுறை என்ன பிழை?"

"அதேதானப்பா. மாதா கோயிலடியால போகேக்க சிலுவை போட்டிட்டன். ஸ்டியறிங்கில கை இல்லையாம்."

டெஸ்ட் போற வழியில அந்தக் கோயில். மன்னாரில சின்ன வயசிலயே பழகின கை, லண்டனுக்கு வந்தாப்போல சொல்லுக் கேக்குமே?

"மனசுக்குள்ள கும்பிட்டால் காணாதோ? கார் ஓடுறது விளையாட்டில்லை. எல்லாருக்கும் ஏலாது. விட்டுத்தள்ளு!" எண்டு ஏசிப்போட்டன்.

அவள் குசினி யன்னலடியில போய் நிண்டாள். குருவியளுக்கெண்டு உடுப்புக் கொடியில கடலைப்பை கட்டியிருந்தம். ஒரு அணில் வேலியிலயிருந்து அதுக்குப் பாயும். தொப்பெண்டு விழும். திரும்ப ஏறும், திரும்ப விழும். ஒரு கிழமையா இதே கூத்து. எனக்குச் சிரிப்பு.

சனிக்கிழமை காலமை, "இஞ்ச ஓடிவாங்கோ!" எண்டு கத்தினாள்.

அணில் அண்டைக்குப் பாயேல்லை. வேலியில ஆடாமல் அசையாமல் இருந்து பாத்தது. பிறகு கொடி கட்டின கம்பத்தில ஏறி, கொடி வழியா மெல்ல மெல்ல நடந்து, கடலைப்பையைப் பிடிச்சிட்டுது!

"கண்டியளோ? விடவுமில்லை, அதே பிழையைத் திரும்பச் செய்யவுமில்லை. எனக்கும் வழி தெரிஞ்சுபோச்சு."

"என்ன வழி?"

"பொறுத்துப் பாருங்கோ."

ஆறாவது டெஸ்ட் அண்டு வாசலிலயே தவம் கிடந்தன். கார் வந்து நிண்டதுதான் தாமதம், "பாஸ்! பாஸப்பா!" எண்டு றோட்டெல்லாம் கேக்கக் கத்திக்கொண்டு ஓடிவந்தாள்.

"கோயிலடியில என்ன செய்தனீ?"

"கண்ணாடி பாத்தன், சிக்னல் போட்டன், ஓரமா நிப்பாட்டி ஹாண்ட்பிரேக்கையும் இழுத்திட்டு, ஆறுதலாச் சிலுவை போட்டன். ஏன் நிப்பாட்டினனீ எண்டு டெஸ்ட் எடுத்த வெள்ளைக்காரன் கேட்டான். கையெடுக்கிறதெண்டால் நிப்பாட்டித்தானே எடுக்கவேணும் எண்டன். சிரிச்சுப்போட்டான்."

சந்தோசத்தில எனக்குக் கண் கலங்கிப்போச்சு. ஆனா வாய் சும்மா கிடக்குமே?

"எல்லாம் நான் ஏசி ஏசித் திருத்தினதாலதான்," எண்டன்.

அவள் கைப்பைக்குள்ள இருந்து ஒரு போர்ம் எடுத்து என்ர கையில வைச்சாள்.

"உங்களுக்கும் ஒரு டெஸ்ட் போர்ம் எடுத்தனான். ஒரேயொருக்காப் பெயிலாகிப்போட்டு ஒன்பது வருசமா அந்தப் பக்கமே எட்டிப்பாக்கேல்லை நீங்கள். கையெழுத்தைப் போடுங்கோ, நான் கூட்டிக்கொண்டு போறன்."