சோளக்கடைப் பூனை

யார் கைக்கும் சிக்காத பூனை அது. எவாரிஸ்தோ வைக்கிற மீனை மட்டும் தின்றுவிட்டு ஓடிவிடும். அவருக்கோ வயதாகிவிட்டது; மனைவியும் போய்ச் சேர்ந்தாயிற்று. தனக்குப் பின் அதற்கு யார் என்று எண்ணி, ஒருநாள் கூண்டில் பிடித்து, அந்தக் குவாத்தமாலா மலையூரின் சோளக்கடைக்கார விதவை ஒதிலியாவிடம் விட்டுவந்தார்.

மறுநாள் மாலையே கடைக்குப் போனார்.

"பூனை எப்படி இருக்கு?"

"மூட்டைக்குப் பின்னால ஒளிஞ்சிருக்கு, எவாரிஸ்தோ ஐயா. புது இடமில்லையா? உக்காருங்க, காப்பி தரேன்."

அன்றுமுதல் தினமும் போனார். காப்பி வந்தது, இனிப்பு ரொட்டி வந்தது, ஊர்க்கதை வந்தது. பூனை மட்டும் கண்ணில் படவேயில்லை.

"இப்பத்தான் உள்ள ஓடுச்சு. நேத்து ரெண்டு எலி பிடிச்சுது, தெரியுமா?" என்றாள் ஒதிலியா, அவர் முகத்தைப் பார்க்காமல்.

"கெட்டிக்காரப் பூனைதான்."

"நாளைக்கு வாங்க, கண்டிப்பா பாக்கலாம்."

"வராம இருப்பேனா?" என்று கிளம்பினார்.

வீட்டுக் கொல்லையில் பூனை பசியோடு காத்திருந்தது. கொண்டுபோய் விட்ட அன்றிரவே அது திரும்பி வந்துவிட்டது.

மீனை வைத்துவிட்டு அதனிடம் கெஞ்சினார்:

"உனக்குப் புண்ணியமாப் போகும். கடைப் பக்கம் மட்டும் தலைகாட்டிடாத."