ஊரிலை எவடம்?

"ஒரு வருசம் தோட்டக்காட்டிலை போய் இருக்கப் போறியோ? உனக்கு மூளை பிசகிப்போச்சோ?"

மகளுக்கு வந்திருந்த கடிதத்தை யோகம் கையில் எடுக்கவில்லை. மேசையில் கிடந்ததை ஒற்றை விரலால் தள்ளிவிட்டாள்.

மகள் ஆதிரை பள்ளிக்கூடம் முடித்திருந்தாள். ஜெர்மனியில் பிள்ளைகள் பல்கலைக்கழகம் போகுமுன் ஒரு வருடம் எங்காவது நாடு பார்க்கப் போவது வழக்கம்தான். அதில் யோகத்துக்கு ஒரு மறுப்பும் இல்லை. அவர்கள் இருந்த ஹம் நகரில் அவளுக்குத் தெரிந்த இரண்டு வீட்டுப் பிள்ளைகள் நியூசிலாந்தில் பழம் பிடுங்கிக்கொண்டும், மலையேறிப் படம் போட்டுக்கொண்டும் இருந்தார்கள். ஆதிரையும் அங்கேதான் போவாள் என்று கோயிலில் நாலு பேருக்குச் சொல்லியும் வைத்திருந்தாள்.

ஆதிரை தேர்ந்தெடுத்ததோ வேறு தீவு, வேறு மலை. இலங்கையில், அட்டன் பக்கத்தில், தேயிலைத் தோட்டப் பிள்ளைகள் படிக்கிற ஒரு பள்ளிக்கூடம். ஒரு வருடம் அங்கே தங்கி ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் சம்மதம் எழுதாவிட்டால் இடம் வேறு யாருக்காவது போய்விடும். அன்று வியாழன். தாயின் வாயால் ஒரு 'ஓம்' வராமல் போகிற பிள்ளை இல்லை ஆதிரை.

"அதுவும் மலைதானே அம்மா."

"மலையிலை வித்தியாசம் இல்லை. ஆக்களிலை இருக்கு."

"அவையும் தமிழர்தானே?"

"தமிழ் கதைக்கிற எல்லாரும் எங்கட ஆக்களோ?"

தமிழ்ச் சனத்துக்கு அநியாயம் என்று எந்த நகரத்தில் கூட்டம் போட்டாலும், மெழுகுதிரியோடு முன்வரிசையில் நிற்பவள் யோகம். அந்தச் சனத்துக்கு எல்லை எதுவரை என்பதையும் அவளேதான் தீர்மானிப்பாள்.

ஆட்களை எடைபோடுவதில் அவளை மிஞ்ச ஆளில்லை. நகரின் ஊன்ட்றொப் பகுதி அம்மன் கோயிலுக்கு யார் புதிதாக வந்தாலும், அவர்கள் விபூதி பூசி முடிக்குமுன் யோகம் எதிரே நிற்பாள். ஊரிலை எவடம், எந்த ஒழுங்கை, ஆரின்ரை பிள்ளை என்று மூன்றே கேள்விகள். பதில் பிடித்தால் சிரிப்பு, பிடிக்காவிட்டால் முதுகு. அவளைத் திருப்பிக் கேட்க ஒருவருக்கும் வாய் வந்ததில்லை. தனக்கு யாழ்ப்பாணத்துக் கொக்குவில் என்று அவள் எப்போதோ சொன்னதே எல்லாருக்கும் போதுமாக இருந்தது.

ஆதிரை விடவில்லை.

"கடையிலை ஒரு ஜெர்மன்காரி உங்களை ஏற இறங்கப் பார்த்தால், வீட்டை வந்து ஒரு கிழமைக்குப் புறுபுறுக்கிறியள். அதைத்தானே அம்மா நீங்கள் அந்தச் சனத்துக்குச் செய்யிறியள்?"

யோகத்துக்கு முகம் கறுத்தது. நல்லவேளை, வாசல் மணி அடித்தது. வந்தது புஸ்பவதி. வியாழன் தவறாமல் தேத்தண்ணிக்கு வருகிறவள்.

விஷயத்தைக் கேட்டதும் புஸ்பவதி நெஞ்சில் கை வைத்தாள். விடிய மூன்று அலுவலகங்களில் கழிவறை கழுவிவிட்டு வந்திருந்தவள், சோபாவில் நன்றாகச் சாய்ந்துகொண்டு வேலைக்காரரின் லட்சணங்களை விவரிக்கத் தொடங்கினாள்.

"ஊரிலை எங்கட வீட்டிலையும் மலைநாட்டுப் பெட்டை ஒண்டு வேலைக்கு நிண்டது, பிள்ளை. சின்னப் பெட்டை. அதுக்கெண்டு பின்பக்கத்திலை தனிக் கோப்பை இருந்தது. அது கழுவி வைச்ச சாமானை அம்மா திரும்ப ஒருக்கால் கழுவித்தான் எடுப்பா. அதுகளை நம்பேலாது. அம்மாட்டைக் கேளன், அவையின்ரை வீட்டிலையும் வைச்சிருந்திருப்பினம்."

"ஓம் ஓம், வைச்சிருந்தவை" என்றாள் யோகம்.

சொல்லிவிட்டுச் சிரித்தாள். தேவைக்கு மேல் கொஞ்சம் பெரிதாகவே சிரித்தாள்.

ஆதிரைக்கு அருவருப்பாக இருந்தது. புஸ்பவதியை மன்னித்துவிடலாம், வெளியாள். பெற்ற தாயே இப்படிச் சிரிக்கிறாளே என்பதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

புஸ்பவதி இரண்டாவது கோப்பையும் குடித்தாள். நியூசிலாந்தே நல்லது, அங்கே சுத்தமான வெள்ளைக்காரர்கள் என்று புத்திமதி சொன்னாள். போகும்போது ஒரு பை முறுக்கும் வாங்கிக்கொண்டு போனாள்.

கதவு சாத்தியதும் ஆதிரை கடிதத்தை எடுத்து இரண்டாக மடித்தாள்.

"நான் வரேல்லை எண்டு எழுதிவிடுறன். நீங்கள் உங்கட மரியாதையைக் காப்பாத்துங்கோ."

யோகம் எழுந்து தண்ணீர்த் தொட்டியடிக்குப் போனாள். புஸ்பவதி குடித்த கோப்பையைக் கழுவினாள். துடைத்தாள். பிறகு மறுபடி தண்ணீரைத் திறந்து அதையே இன்னொரு தரம் தேய்த்துக் கழுவினாள்.

"எழுதாதை. போ" என்றாள், திரும்பாமலே.

ஆதிரை நம்பாமல் நின்றாள். யோகம் குழாயை மூடினாள். அதற்குப் பிறகு அவள் பேசியது, ஆதிரை இந்த வீட்டில் பிறந்ததிலிருந்து ஒருநாளும் கேட்டிராத பேச்சு.

"கொக்குவில் என் ஊரு இல்ல. ஒம்பது வயசுல என்னைய வேலைக்கு விட்டுட்டுப் போன வீடு அங்க இருந்துச்சு. நீ அட்டன்ல எறங்கி, குருவிமலைத் தோட்டம் எதுன்னு கேளு. மேல் டிவிசன், நாலாம் லயத்து வரிசை வீட்டுல மாரியாயின்னு எங்க அக்கா இருப்பா. யோகம்னு சொன்னா அவளுக்குத் தெரியாது. ராமாயி உசுரோடதான் இருக்கான்னு சொல்லு."