ஏழரை மணிக் காப்பி

“ஏழரைக்கே காப்பி குடிச்சாச்சு, டாக்டரே!” என்று உலகம்மாள் வாயெல்லாம் பல்லாகச் சொன்னதும், டாக்டர் நாகேஸ்வரன் தலையில் அடித்துக்கொண்டார்.

பின்னே என்ன? இதயத்தை நிறுத்தி வைத்து, மெஷின் வழியாக ரத்தத்தைச் சுற்றவிட்டு ஆபரேஷன் செய்தால் உடம்புக்குள் ஒருவிதத் துரு ஏறுகிறது. அதில் கல்லீரல் சோர்ந்துபோய், மருந்தைக் கரைக்கச் சுணங்குகிறதா? இதுதான் அவர் ஆராய்ச்சி. ஆபரேஷன் ஆனவருக்குக் காப்பிச் சத்து மாத்திரை ஒன்றைக் கொடுத்து, அது எச்சிலில் எத்தனை மணி நேரம் தங்குகிறது என்று பார்ப்பார். வேறு வழியில் காப்பி உள்ளே போனால் எல்லாம் கந்தல்.

பத்தொன்பது பேர் முடிந்தாயிற்று. இருபதாவது ஆள், உலகம்மாளின் கணவர், சாலைக் கடைத்தெரு வத்தல் வியாபாரி பகவதிப்பெருமாள். எட்டு மணிக்கு அவர் துப்பிக் கொடுத்த குப்பி டாக்டரின் கையில் இருந்தது. நாளை கட்டுரை அனுப்பக் கடைசி நாள். கும்பகோணத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு வந்து மூன்று மாதம் நாயாய் உழைத்ததெல்லாம் அந்தக் குப்பிக்குள்தான்.

“காப்பித்தூள் வாசனையே ஆகாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனேம்மா! எத்தனை குடிச்சார்?”

“நாலு. அப்பறம் மதி, போதும்னுட்டாரு.”

“நாலா!”

“நேத்து ஆறு” என்றாள் உலகம்மாள் பெருமையாக. “சூடா, மெத்துன்னு இருந்தா அவருக்கு நல்லா எறங்கும்.”

கோபம் தலைக்கேறிய டாக்டரின் காதில் அதெல்லாம் ஏறவில்லை. “எங்கே அந்த மனுஷன்?”

“எக்ஸ்ரே எடுக்கக் கொண்டு போயிருக்கு.”

“தப்பிச்சார்!”

குப்பியைத் திறந்து வாஷ்பேசினில் கவிழ்த்தார். ஆத்திரம் தீராமல் குழாயையும் திறந்துவிட்டார். இருபதாவது ஆள் கடகடவென்று சாக்கடைக்குப் போய்ச் சேர்ந்தார்.

உலகம்மாள் என்ன குற்றம் செய்தோம் என்று புரியாமல், அவசரமாகத் தூக்குவாளியின் மூடியைத் திறந்து நீட்டினாள்.

“கோவப்படாதீங்க டாக்டரே. மிச்சம் ரெண்டு இருக்கு, நீங்களும் குடிங்க.”

உள்ளே இரண்டு இட்லிகள் இருந்தன.

“இது... காப்பியா?”

“பின்னே? எங்க ஊருல காலைப் பலகாரத்துக்குப் பேரே காப்பிதானே, டாக்டரே!”