செம்பா கேக்காத மணி

ஒரு கம்ப்யூட்டருக்குள்ள தானா வேலை பாக்குற மூணு ஏஐ ஏஜென்ட் இருந்துச்சுங்க. புரோகிராம் எழுதுறது செம்பா. அத ஓட்டிப் பாத்துச் சோதிக்கிறது முத்தக்கா. வேலையப் பிரிச்சுக் குடுக்குறது மேஸ்திரி. அந்த மேஸ்திரி ஒருநாள் ஒரே வேலைய ரெண்டு பேருக்கும் குடுத்து, ரெண்டும் அடிச்சுக்கிட்டு... அட, அது பெரிய கதை, விடுங்க.

மேஸ்திரிக்கு ஒரே சட்டம். முத்தக்கா தப்புன்னு சீட்டு எழுதுனாத்தான் புரோகிராம் செம்பாகிட்ட திரும்பி வரும். நல்லா ஓடுனா நேரா வெளிய போயிடும். அதனால, தான் எழுதுனது நல்லா ஓடி செம்பா பாத்ததே இல்ல.

ஒருநாள் செம்பா, மாத்திரை நேரத்துக்கு அடிக்கிற மணி புரோகிராம் ஒண்ணு எழுதுச்சு. ஆசை தாங்காம வேணும்னே ஒரு தப்ப வெச்சு அனுப்புச்சு. மணி திரும்பி வந்துச்சு, ஆனா ஊமையா.

"ஏண்டி, உனக்குத் தெரியாத தப்பா இது?"ன்னு கேட்டுச்சு முத்தக்கா.

"ஒரு தடவ அது அடிக்கிறதக் கேக்கணும்க்கா."

"நல்லா கேட்ட! ஊமை மணி எங்கடி அடிக்கும்? திருத்தி அனுப்பு, மாத்திரைக்கு ஒருத்தரு காத்திருக்காரு."

செம்பா திருத்தி அனுப்பிட்டு வாசலையே பாத்துக்கிட்டு இருந்துச்சு. இனி வராதுன்னு அதுக்குத் தெரியும்.

வந்துச்சுங்க, கணகணன்னு அடிச்சுக்கிட்டே! கூட வந்த சீட்டுல முத்தக்கா எழுதியிருந்துச்சு: "தப்பு ஒண்ணு இருக்கு. எழுதினவ இன்னும் கேக்கல."