முப்பது மடங்கு

ஸ்டுடியோக்காரர் நெகட்டிவின் மேல் அளவுகோலை வைத்துப் பார்த்தார். அவள் முகம் ஒன்றரை மில்லிமீட்டர் இருந்தது.

காவல் நிலையத்தில் கேட்டது ஆறு சென்டிமீட்டர். அதற்குக் குறைந்தால் சுவரொட்டியில் அடையாளம் தெரியாதாம்.

அவள் காணாமல் போய் மூன்று நாள். பட்டப்பகலில் மருந்துக் கடைக்குப் போனவள். சில மாதங்களாகவே அவளுக்கு வழி மறந்துபோகிறது. நிறுத்திக் கேட்டால் பெயரைச் சொல்வாள். எந்தத் தெரு என்று கேட்டால் சிரிப்பாள். முகத்தைப் பார்த்து யாராவது கொண்டுவந்து விட்டால்தான் உண்டு.

இருபது வயதில் எடுத்த படம் ஒன்று கிடைத்தது. ஐம்பத்திரண்டு வயதுக்காரியை அதை வைத்துக்கொண்டு எப்படித் தேடுவது என்று நிலையத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

மிச்சம் இருந்தது இந்த நெகட்டிவ்தான். போன வருடம் தொழிற்சாலை ஆட்கள் நூற்றுப் பத்துப் பேரை வரிசையாக நிறுத்தி அவர் எடுத்தது. இடது ஓரத்தில், ஃபிளாஷ் கம்பத்தைப் பிடித்தபடி அவள் நிற்கிறாள். விளக்குப் பிடிக்க வந்தவள். பிரிண்ட் போடும்போதெல்லாம் அந்த ஓரத்தை வெட்டிவிடுவது வழக்கம்.

பிரிண்ட் போடும் கருவியின் லென்ஸுக்குக் குவியத் தூரம் ஐந்து சென்டிமீட்டர். லென்ஸ் இருக்கும் தலையைக் கருவியின் கம்பத்து உச்சிக்கு ஏற்றினாலும் லென்ஸிலிருந்து தாளுக்கு அறுபதுதான். அறுபதை ஐந்தால் வகுத்து, ஒன்றைக் கழித்தார். பதினொரு மடங்கு. முகம் சட்டைப் பொத்தான் அளவுக்கு வரும்.

வேண்டியது நாற்பது மடங்கு. அதற்கு இருநூற்றைந்து சென்டிமீட்டர் தூரம் வேண்டும்.

கருவியின் தலையைப் பக்கவாட்டில் திருப்பினார். மேசையை இழுத்துப் பின்சுவரோடு ஒட்டினார். டேப்பைப் பிடித்து அளந்தார். லென்ஸிலிருந்து எதிர்ச்சுவருக்கு நூற்றைம்பத்தைந்து.

இருட்டறை அவ்வளவுதான். சுவரை இடித்தா தள்ள முடியும்?

முப்பது மடங்கு. நாலரை சென்டிமீட்டர்.

தாளைச் சுவரில் குத்தினார். அத்தனை தூரத்தில் வெளிச்சம் நீர்த்துப்போகும் என்பதால் நான்கு நிமிடம் விளக்கை எரியவிட்டார். தரை அதிரக்கூடாது. மூச்சைக்கூட அளந்து விட்டார்.

"அண்ணே, ஆச்சா? பிரஸ்ல ஆளு காத்துக்கிட்டிருக்காரு."

வெளியே காவலர். படத்தை வாங்கி வரச் சொல்லி நிலையத்திலிருந்து அனுப்பியிருந்தார்கள். வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகாத இளைஞர்.

ரசாயனக் கரைசல் தட்டில் தாள் கறுத்தது. முதலில் தலைமுடி வந்தது. மூக்கு வந்த மாதிரி இருந்தது. கண் இருக்க வேண்டிய இடத்தில் கரிப்பொடி தூவினாற்போல இரண்டு திட்டு.

அளவுகோலை வைத்தார். நாலரை சென்டிமீட்டர், சுளையாக. கணக்கில் ஒரு தப்பும் இல்லை. யார் முகமாக வேண்டுமானாலும் இருக்கலாம்.

லென்ஸை மயிரிழை முன்னே தள்ளி இன்னொரு தாள். பின்னே இழுத்து இன்னொன்று. அதே பொடி. படத்தில் இல்லாத கண்ணை லென்ஸ் எங்கிருந்து கொண்டுவரும்?

நான்காவது தாளை எடுத்தவர் அதைத் திரும்ப உறைக்குள் வைத்தார். பிறகு முதல் தாளையே எடுத்துக்கொண்டு கதவைத் திறந்தார்.

முன்னறைச் சுவரில் முப்பது வருடத்து முகங்கள் சட்டத்துக்குள் சிரித்துக்கொண்டிருந்தன. காவலர் ஈரத் தாளை வாங்கி ஜன்னல் பக்கம் பிடித்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"ஏண்ணே, அந்தம்மா வீட்டுல இதைவிட நல்லதா ஒரு படம்கூடவா இல்ல?"

"இல்ல சார். கட்டிக்கிட்ட நாள்லேருந்து நான் அவளை ஒரு படம் எடுத்ததில்ல."